மாட்டுங்காவில் தொங்கும் என் முதல் பலகை

கோணல்கோடு | தாராவி | 8 அக்டோபர் 2023

ஒரு யோசனை கேட்கத்தான் இந்த இழை. கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பகலில் ஒரு சரக்கு அலுவலகத்தில் கணக்கு எழுதுகிறேன். மாலையிலும் ஞாயிற்றுக்கிழமையிலும் தமிழ் எழுத்து வரைகிறேன். கடைப் பலகை, கல்யாணப் பத்திரிகைத் தலைப்பு, கோயில் கொடை நோட்டீஸ் என்று எது வந்தாலும் செய்வேன். யாரிடமும் படித்ததில்லை. பழைய காலண்டர் தாள்களின் பின்பக்கத்தில் வரைந்து வரைந்து வந்ததுதான்.

முதல் கூலி வேலை 2019 மே மாதம் கிடைத்தது. மும்பை மாட்டுங்கா மார்க்கெட்டில் எங்கள் ஊர்ப்பக்கத்து அண்ணாச்சி ஒருவர் வாழை இலையும் வாழைப்பூவும் மாவிலையும் விற்கிறார். ‘வாழை இலை மண்டி’ என்று எட்டடித் தகட்டில் எழுதவேண்டும். கூலி 600 ரூபாயும் ஒரு கட்டு இலையும். புதிய ஜி.ஐ. தகடு (துத்தநாகம் பூசிய இரும்புத் தகடு) வாங்கி, துடைத்து, நேராக எனாமல் பெயின்ட் அடித்து எழுதிவிட்டேன். பெயின்ட் தகட்டில் ஒட்டிப் பிடிக்க அதற்கு முன்னால் பூசும் பிரைமர் என்று ஒன்று இருப்பதே அப்போது எனக்குத் தெரியாது. ஜூன் மழை தொடங்கி இரண்டாவது வாரம் ‘வா’ உரிந்து விழுந்தது. மாத முடிவில் பலகையில் மிஞ்சியது ‘ழை இ மடி’. அண்ணாச்சி திட்டவில்லை. கடைக்கு வந்தவர்களிடம், “வாழையை மழை சாப்பிட்டுவிட்டது” என்று சொல்லிச் சிரித்திருக்கிறார். திட்டியிருந்தால் பரவாயில்லை என்று தோன்றியது.

அக்டோபரில் மழை ஓய்ந்ததும் தகட்டைச் சுரண்டி, பிரைமர் அடித்து, அதே வரைபடத்தை வைத்து மறுபடி எழுதினேன். அதுதான் நான்கு ஆண்டுகளாகத் தொங்குகிறது. இன்று அதைப் பார்த்தால் வயிற்றைக் கலக்குகிறது. எல்லாவற்றிலும் மோசம் அந்த ‘லை’. மார்க்கெட்டுக்குள் பழைய பலகை ஒன்றில் ல-வின் தலையில் தும்பிக்கை போல ஒரு வளைவு இருந்தது. அலங்காரம் என்று நினைத்து அப்படியே எடுத்துக்கொண்டேன். அது பழைய எழுத்து என்று பிறகுதான் தெரிந்தது. அதே பலகையில் ‘ழை’க்கு இன்றைய கொம்பு, ‘லை’க்குத் தும்பிக்கை. ஊரிலிருந்து வந்த என் தங்கை மகன், “மாமா, இது என்ன எழுத்து?” என்று கேட்டான். ஸ்டேஷனில் இறங்கினால் அந்தக் கடை இல்லாத பக்கமாகத்தான் நடக்கிறேன்.

இப்போது விஷயம். கடைப் பலகைகளில் மராத்தி இருக்கவேண்டும் என்ற விதிக்கு உச்ச நீதிமன்றம் செப்டம்பர் 25 அன்று இரண்டு மாதம் கெடு கொடுத்திருக்கிறது அல்லவா? மராத்தி எழுத்து மற்ற எழுத்தைவிடச் சிறியதாகவும் இருக்கக்கூடாது. இதுதான் சமயம் என்று அண்ணாச்சியிடம் போய், முழுப் பலகையையும் இலவசமாகப் புதிதாக எழுதித் தருகிறேன் என்றேன். “இது நன்றாகத்தானே இருக்கிறது? மேலே ஒரு தகடு அடித்து மராத்தியை மட்டும் எழுது, அதற்குக் காசு தருகிறேன்” என்கிறார். எவ்வளவு சொல்லியும் அசையவில்லை.

என் கேள்விகள்: அவரை எப்படிச் சம்மதிக்கவைப்பது? இதுபோன்ற ஆரம்ப வேலைகளை என் வேலைத் தொகுப்பிலிருந்து நீக்கிவிடலாமா, இல்லை வைத்திருக்கவேண்டுமா?

செம்பூர்த்தேனீ | செம்பூர் | 9 அக்டோபர் 2023

நீக்கிவிடு, தம்பி. பதினான்கு ஆண்டுகளாக அச்சுவடிவமைப்பில் இருக்கிறேன், வேலைக்கு ஆள் எடுத்தும் இருக்கிறேன். தொகுப்பைப் புரட்டுகிறவர் உன் வளர்ச்சியைப் பார்ப்பதில்லை, அதில் உள்ள மிக மோசமான வேலையைப் பார்த்துத்தான் உன்னை எடை போடுவார். எட்டு நல்ல வேலைகள் போதும்.

இன்னொன்று. ‘இலவசமாக’ என்ற சொல்லை உன் வாயிலிருந்து எடுத்துவிடு. வெட்கத்துக்குப் பரிகாரமாகச் செய்கிற வேலைக்குக் கணக்கே இருக்காது. நான் என் முதல் மூன்று ஆண்டுகளை அப்படித்தான் கரைத்தேன்.

பவாய்ப்பரதேசி | பவாய் | 9 அக்டோபர் 2023

கசப்பாகச் சொல்கிறேன், மன்னிக்கவும். ‘யாரிடமும் படித்ததில்லை’ என்பதைப் பதக்கம் போலக் குத்திக்கொள்ளும் வழக்கம் நம்மவர்களிடம் அதிகம். பிரைமர் அடிக்கவேண்டும் என்பதைக் கண்டுபிடிக்க உங்களுக்கு ஒரு மழைக்காலமும் ஒரு பலகையும் செலவாகியிருக்கிறது. பக்கத்தில் ஒரு பெயின்டரைக் கேட்டிருந்தால் அரை நிமிடம். இதைத் தோல்வியிலிருந்து கற்றது என்பதா, கேட்கக் கூச்சப்பட்டதற்குக் கட்டிய அபராதம் என்பதா?

எழுத்துக்கள் வரைவது ஒரு படிப்பு. இதே மும்பையில் ஜே.ஜே. கலைப்பள்ளி 1857 முதல் இருக்கிறது. பவாயில் ஐ.ஐ.டி.யின் வடிவமைப்பு மையம் இருக்கிறது. அங்கே பாடம் சொல்லிக்கொடுத்தவர் ஆர்.கே. ஜோஷி. விண்டோஸ் கணினிகளில் நாம் பல ஆண்டுகள் பார்த்துப் பழகிய ‘லதா’ எழுத்துரு அவருடைய வழிகாட்டுதலில் உருவானது. தமிழ் அவருடைய தாய்மொழி அல்ல. முறைப்படி எழுத்தைப் படித்தவர் என்பதால் முடிந்தது. இனி யாராவது ‘சித்திரமும் கைப்பழக்கம்’ என்று ஆரம்பிப்பீர்கள். தவறும் கைப்பழக்கம்தான். ஆயிரம் முறை தவறாக வரைந்தால் கை அந்தத் தவறில்தான் தேறும்.

கோணல்கோடு | 9 அக்டோபர் 2023

ஐயா, பதக்கமாகச் சொல்லவில்லை. அப்பா போனபோது நான் பன்னிரண்டாம் வகுப்பில் இருந்தேன். கலைப்பள்ளி என்று ஒன்று இருப்பதே இருபத்துநான்கு வயதில்தான் தெரியும், அதுவும் அதன் வாசல் வழியாக ஒரு பார்சலைக் கொண்டுபோனபோது.

கேட்கக் கூச்சப்பட்டது உண்மை. அதற்கு இன்னொரு சாட்சியும் தருகிறேன். 2020 ஜனவரியில் நண்பனின் அக்கா கல்யாணப் பத்திரிகை. தலைப்பை நானே வரைந்தேன், கீழே உள்ள விவரத்தைக் கணினியில் தட்டினேன். என் திரையில் அழகாக இருந்தது. அச்சகத்தின் கணினியில் நான் பயன்படுத்திய எழுத்துரு இல்லை, அவர்களிடம் இருந்த பழைய மென்பொருளுக்குத் தமிழ் ஒழுங்காகத் தெரியவும் இல்லை. யூனிகோடில், அதாவது கணினி எழுத்துகளைச் சேமிக்கும் பொது முறையில், நாம் ‘பெ’ என்று தட்டினால் உள்ளே முதலில் ப, பிறகுதான் கொம்பு. கொம்பை முன்னால் கொண்டுவந்து காட்டுவது மென்பொருளின் பொறுப்பு. அது அந்தப் பொறுப்பை ஏற்கவில்லை. ‘பெண்’ணின் கொம்பு ப-வுக்குப் பின்னால் போய் நின்றது, ‘கோ’ மூன்று துண்டாகியது. 300 பத்திரிகை. எழுத்துகளை வெறும் கோடுகளாக மாற்றித்தான் அச்சுக்கு அனுப்பவேண்டும் என்பது அச்சகங்களில் எடுபிடிப் பையனுக்குக்கூடத் தெரியும் என்று பிறகு சொன்னார்கள். அந்த 300-க்கான காகிதச் செலவை ஐந்து தவணையில் கட்டினேன்.

அன்றிலிருந்து எந்தக் கோப்பையும் கோடாக மாற்றாமல் அனுப்பியதில்லை. ஆனால் நீங்கள் சொல்வதுபோல இதுவும் அரை நிமிடப் பாடம்தான்.

தூரிகைக்கிழவன் | சயான் கோலிவாடா | 11 அக்டோபர் 2023

தம்பி, நான் நாற்பத்தோரு வருடம் பலகை எழுதியவன். ஃப்ளெக்ஸ் வந்தபிறகு வேலை குறைந்தது, முட்டியும் ஏணி ஏற மறுத்தது. இப்போது பேரன் கைப்பேசியில் தட்டச்சுச் செய்து தருகிறான். அந்தப் பலகையை எதிர்ப்பக்கத்தில் நின்று, நேராக, காலை வெளிச்சத்தில் படம் பிடித்துப் போடு. கோணலாகப் பிடித்தால் நான் பேசமாட்டேன்.

கோணல்கோடு | 12 அக்டோபர் 2023

இணைத்திருக்கிறேன், ஐயா. நான்கு வருடத்துக்குப் பிறகு அதன் எதிரில் நின்றேன்.

தூரிகைக்கிழவன் | 13 அக்டோபர் 2023

பார்த்தேன். முதலில் ‘லை’யை விடு. நீ அழுகிற இடத்தில் பிணம் இல்லை.

தும்பிக்கை போடுவது ண, ல, ள, ன என்ற நான்குக்கு மட்டும்தான். பழைய முறையில் ‘ழை’க்கு எப்போதும் முன்னால் வருகிற கொம்புதான். ஆகவே ‘வாழை’க்குக் கொம்பும் ‘இலை’க்குத் தும்பிக்கையும் ஒரே பலகையில் இருந்தால் பழைய கணக்குப்படி அது சரி. தமிழ்நாடு அரசு 1978-இல்தான் பெரியாரின் சீர்திருத்தத்தை ஏற்று இந்த நான்கையும் சேர்த்து 13 எழுத்துகளை மாற்றியது. அதற்கு முன்பு நீ இந்தப் பலகையை எழுதியிருந்தால் வாத்தியார் தட்டிக்கொடுத்திருப்பார். தெரியாமல் சரியாகச் செய்திருக்கிறாய். இருக்கட்டும்.

இப்போது நீ பார்க்காததைச் சொல்கிறேன்.

மேலே ஒரு நூல், கீழே ஒரு நூல் அடித்து எல்லா எழுத்தையும் இரண்டுக்கும் நடுவில் கச்சிதமாக உட்காரவைத்திருக்கிறாய். அதுதான் தப்பு. ம-வுக்கும் ட-வுக்கும் அடி தட்டை. அவை கோட்டில் உட்காரலாம். ல-வின் வயிறும் இ-யின் வயிறும் உருண்டை. உருண்டை கோட்டைத் தொட்டு நின்றால் கண்ணுக்குக் குட்டையாகத் தெரியும். பத்து அங்குல எழுத்தென்றால் அதன் வயிறு கோட்டுக்குக் கீழே ஒரு நூல் இறங்கவேண்டும். (இந்த ‘நூல்’ தச்சன் சொல்கிற நூல், அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு.) உன் ‘லை’ சூம்பிப்போய்த் தெரிவதற்குக் காரணம் தும்பிக்கை இல்லை, இந்த ஒரு நூல்தான்.

அடுத்தது ‘டி’. படுக்கைக் கோட்டையும் நிற்கும் கோட்டையும் ஒரே பிரஷ் அகலத்தில் இழுத்திருக்கிறாய். ஒரே அகலம் என்றால் படுக்கைக் கோடு தடியாகத் தெரியும். கண்ணின் குணம் அது. படுக்கைக் கோட்டை ஒரு பொட்டு மெலிதாக இழுக்கவேண்டும்.

எல்லாவற்றையும்விடப் பெரிய தப்பு ‘ண்’. மூன்று சுழி ண. இவ்வளவு தடியான கோட்டில் மூன்று சுழியையும் அடைத்தால் உள்ளே காற்றுப் போக இடமில்லை. இருபதடி தள்ளி நின்றால் ன-வா ண-வா என்று தெரியவில்லை. ‘மன்டி’ என்று படிக்கிறேன். நான் படிக்கலாம், வாடிக்கைக்காரர் படிக்கக்கூடாது. சுழி எழுத்து வந்தால் அந்த எழுத்துக்கு மட்டும் கோட்டை மெலிதாக்கு, அகலத்தைக் கூட்டு. யாரும் கண்டுபிடிக்கமாட்டார்கள்.

இடைவெளியை ஸ்கேல் வைத்து அளந்திருக்கிறாய். எழுத்துக்கு நடுவில் அரிசி கொட்டுவதாக நினைத்துக்கொள். ஒவ்வொரு சந்திலும் ஒரே அளவு அரிசி பிடிக்கவேண்டும். அங்குலம் ஒன்றாக இருக்கவேண்டியதில்லை.

‘ம’ நன்றாக இருக்கிறது.

நான் மட்டும் யோக்கியனா? 1979-இல் என் முதல் பலகை ஒரு தையல்கடைக்கு. இடதுபக்கம் தொடங்கி ஆனந்தமாக எழுதிக்கொண்டே போனேன். ‘தையலக’ வரை வந்தபோது தகடு முடிந்துவிட்டது. ‘ம்’மைப் பக்கவாட்டுச் சட்டத்தில் எழுதினேன். என் முதலாளி திட்டவில்லை, அடிக்கவில்லை. ஒரு வாரம் என்னைக் கடைசி எழுத்திலிருந்து முதல் எழுத்துக்குப் பின்னோக்கி எழுதவைத்தார். இன்றும் எனக்குப் பெயர்களைத் தலைகீழாகப் படிக்க வரும்.

மெழுகுக்கோலம் | முலுண்ட் | 13 அக்டோபர் 2023

இழையைப் படித்துவிட்டுச் சும்மா போக மனம் வரவில்லை. நானும் தானே கற்றவள்தான், விட்டுவிட்டவள். விட்டவர்கள் இப்படிப்பட்ட இழைகளில் எழுதுவதில்லை, அதனால் எழுதுகிறேன்.

2016-இல் தமிழில் கையெழுத்து அட்டைகள் செய்தேன். பொங்கலுக்கு 200 அட்டை அச்சடித்து மாட்டுங்காவிலும் செம்பூரிலும் கடைகளில் வைத்தேன். ‘பொங்கல் வாழ்த்துக்கள்’. ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் கடைக்காரரிடம் வந்து ‘க்’ வரக்கூடாது, பிழையான அட்டை என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். கடைக்காரர் மொத்தத்தையும் திருப்பிவிட்டார். மறுவருடம் ‘வாழ்த்துகள்’ என்று திருத்தி அடித்தேன். அப்போது வேறொருவர் ‘க்’ விட்டுப்போயிருக்கிறது என்றார். அதற்குப் பிறகு வரையவில்லை.

கோணல்கோடு தம்பிக்கு மழை வந்து கற்றுக்கொடுத்தது, அச்சகம் கற்றுக்கொடுத்தது. எனக்கு எதுவும் கற்றுக்கொடுக்கவில்லை. அலமாரியில் இரண்டு கட்டு அட்டை இருக்கிறது, அவ்வளவுதான். தோல்வி எல்லாருக்கும் வாத்தியாராக வருவதில்லை. சிலருக்கு வெறும் விருந்தாளியாக வந்து சாப்பிட்டுவிட்டுப் போய்விடுகிறது.

குற்றியலுகரன் | கல்யாண் | 13 அக்டோபர் 2023

அம்மா, அந்தத் தமிழாசிரியர் சொன்னதே சரி. வன்தொடர்க் குற்றியலுகரத்திற்குப் பின் (‘வாழ்த்து’ போல வல்லின மெய்யை அடுத்து உகரத்தில் முடியும் சொல்லுக்குப் பின்) வலி மிகுவது, அதாவது ‘க்’ போன்ற ஒற்று வருவது, இரண்டு சொற்கள் புணரும்போது. ‘கள்’ என்பது தனிச்சொல் அன்று, விகுதி. ஆகவே வாழ்த்துகள், எழுத்துகள். பவாய் நண்பரும் மேலே ‘எழுத்துக்கள்’ என்று எழுதியிருக்கிறார். முறைப்படி படிக்கவேண்டும் என்று அறிவுரை வேறு.

பவாய்ப்பரதேசி | 13 அக்டோபர் 2023

‘எழுத்துக்கள்’ என்று அச்சிட்ட நூல்களை என்னால் ஓர் அலமாரி நிறையக் காட்டமுடியும். அவர்கள் எல்லாரும் தமிழ் தெரியாதவர்களா?

குற்றியலுகரன் | 14 அக்டோபர் 2023

ஓர் அலமாரி நிறையப் பிழை இருக்கலாம் என்பதற்கு அது சான்று.

மட்டுறுத்துநர் | 14 அக்டோபர் 2023

இதற்குப் பின் வந்த பதினேழு பதிவுகளை ‘வாழ்த்துகள் / வாழ்த்துக்கள்’ தனி இழைக்கு மாற்றியிருக்கிறேன். அங்கே இடம் தாராளமாக இருக்கிறது. மெழுகுக்கோலம் அவர்கள் சொன்னது இலக்கணத்தைப் பற்றி அல்ல என்பதை ஒருவராவது கவனித்திருக்கலாம்.

செம்பூர்த்தேனீ | 15 அக்டோபர் 2023

மெழுகுக்கோலம், அந்த அட்டையின் படம் ஏதாவது இருக்கிறதா? க் இருந்தாலும் சரி, இல்லாவிட்டாலும் சரி. இரண்டு ஆண்டும் உங்களிடம் பேசியவர்கள் எல்லாரும் எழுத்தைப் படித்தார்கள். ஒருவரும் உங்கள் கோட்டைப் பார்க்கவில்லை. அதை நினைத்துத்தான் கேட்கிறேன்.

பவாய் நண்பருக்கு ஒரு வார்த்தை. நான் கல்லூரியில் படித்தவள். அங்கே எனக்கு நான்கு வருடமும் ரோமன் எழுத்துதான். தமிழ் ண-வின் சுழியைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. தூரிகைக்கிழவன் ஐயா நேற்று முன்தினம் எழுதியதைத் தாளில் அச்சடித்து மேசைக்கு மேல் ஒட்டியிருக்கிறேன். எழுத்துருவில் இதே வேலையைச் செய்ய எழுத்தின் கட்டத்தை 1000 அலகாகப் பிரித்து, அதில் பத்துப் பதினைந்து அலகு கீழே இறக்குவோம். நூல் கணக்கும் கிட்டத்தட்ட அதேதான். எனக்கு எண் தெரியும், காரணம் இப்போதுதான் புரிந்தது.

கோணல்கோடு, நீ எழுத்துரு செய்ய முயன்றதாக முன்பு வேறோர் இழையில் சொன்னாயே, அது என்ன ஆனது?

கோணல்கோடு | 15 அக்டோபர் 2023

அது மூன்றாவது அவமானம், அக்கா. 2021 ஊரடங்கில் ஃபான்ட்ஃபோர்ஜ் மென்பொருளை இறக்கிக்கொண்டு உட்கார்ந்தேன். மொத்தம் 247 எழுத்து என்று பயந்தேன். பிறகு கால், கொம்பு, புள்ளியைத் தனித்தனியாக வரைந்து சேர்த்தால் போதும் என்று தெரிந்ததும் துள்ளினேன். உகர, ஊகார வரிசையில்தான் மாட்டிக்கொண்டேன். கு ஒரு மாதிரி, சு ஒரு மாதிரி, து ஒரு மாதிரி. பதினெட்டு மெய்க்கும் இரண்டிரண்டாக 36 எழுத்தையும் கவனித்து வரையவேண்டும். ‘நூ’ வரை வந்தேன். முதலில் வரைந்த ‘கு’வை அப்போது திறந்து பார்த்தேன். ‘கு’ ஒருவன் வரைந்தது, ‘நூ’ வேறொருவன் வரைந்தது. கோப்பை மூடிவிட்டேன்.

அதில் ஒரே லாபம், மற்றவர்களின் எழுத்துருவைத் திறந்து பார்க்கும் பழக்கம். ‘முக்த மலர்’, ‘பாலூ தம்பி’ இரண்டும் இங்கே மும்பையில் இருக்கும் ஏக் டைப் குழுவின் வேலை. திறந்த உரிமத்தில் கிடைக்கின்றன. பாலூ தம்பி எவ்வளவு குண்டு! அதன் ண-வுக்குள் காற்று எப்படிப் போகிறது என்று நேற்று இரவு திறந்து பார்த்தேன். ஐயா சொன்னதுதான். அகலத்தைக் கூட்டியிருக்கிறார்கள், சுழி வரும் இடத்தில் கோட்டை மெலிதாக்கியிருக்கிறார்கள். இரண்டு வருடமாக அந்தக் கோப்பு என் கணினியில்தான் இருந்தது. எத்தனையோ தடவை திறந்திருக்கிறேன், கண்ணில் படவில்லை.

மெழுகுக்கோலம் | 16 அக்டோபர் 2023

படம் இணைத்திருக்கிறேன். முதல் வருட அட்டை.

தூரிகைக்கிழவன் | 16 அக்டோபர் 2023

அம்மா, ‘பொ’வின் கொம்பு கொஞ்சம் முன்னால் சாய்கிறது. மற்றபடி இந்த ‘ழ்’ என்னால் வராது. வாலை மேலே தூக்காமல் அப்படியே தரையோடு இழுத்து ‘த்’துக்கு அடியில் கொண்டுபோய் நிறுத்தியிருக்கிறீர்கள். பேரனிடம் பெரிதாக்கிக் காட்டச் சொல்லி இரண்டு முறை பார்த்தேன்.

தம்பி, மராத்தித் தகட்டுக்கு நாள் குறித்தாயா? ஞாயிற்றுக்கிழமை என்றால் நானும் வருகிறேன். ஏணி ஏறமாட்டேன், நாற்காலி போடச் சொல்.

கோணல்கோடு | 6 நவம்பர் 2023

நேற்று வேலை நடந்தது. இன்று அலுவலகத்தில் கணக்கு இரண்டு இடத்தில் தப்பு, தூக்கமில்லை.

ஐயா பேரனோடு ஒன்பது மணிக்கு வந்தார். கடைக்குப் போகவே இல்லை. எதிர்ப்பக்கம் நின்று கண்ணைச் சுருக்கிப் பலகையைப் பார்த்துக்கொண்டே இருந்தார். இருபது நிமிடம். டீ ஆறிவிட்டது. பிறகு சாலையைக் கடந்து அண்ணாச்சியிடம், “நீங்கள் ஏன் இதை மாற்றவிடமாட்டேன் என்கிறீர்கள்?” என்று கேட்டார். நான் நான்கு வருடத்தில் கேட்காத கேள்வி.

அண்ணாச்சிக்கு அறுபத்திரண்டு வயது. மூன்றாம் வகுப்பில் தும்பிக்கை ‘லை’ சரியாக வராமல் சிலேட்டில் நூறு முறை எழுதவைத்தாராம் வாத்தியார். “அவ்வளவு அடிபட்டுக் கற்றேன். பள்ளிக்கூடத்தை விட்டு வந்த கொஞ்ச நாளில் அரசாங்கம் எழுத்தையே மாற்றிவிட்டது. பம்பாய்க்கு வந்தபிறகு அதை எழுத ஆளே கிடையாது. இந்தப் பையன் எழுதிக் கொண்டுவந்தபோது, என் வயதுக்காரர்களுக்காக யோசித்து எழுதியிருக்கிறான் என்று நினைத்தேன்” என்றார். நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். ஐயா என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. இரண்டு பேரும் ஊர், தெரு, கொடை என்று பேச ஆரம்பித்து அரை மணி நேரம் என்னை மறந்துவிட்டார்கள்.

மராத்தி வேலை நான் நினைத்ததைவிடக் கடினம். வாழை இலைக்கு மராத்தியில் ‘கேளீச்சீ பானே’. தமிழ் கோட்டின்மேல் உட்காரும், தேவநாகரி மேல்கோட்டிலிருந்து தொங்கும். நான் பழக்க தோஷத்தில் அடியைச் சீராக்கிக்கொண்டு மேலே தலைக்கோட்டை வளைந்து நெளிந்து விட்டிருந்தேன். ஐயா சாக்பீஸை வாங்கி மேல்கோட்டை ஒரே இழுப்பில் போட்டு, “இது கொடிக்கயிறு. துணியை இதில் தொங்கவிடு. கீழே எது எவ்வளவு தொங்குகிறதோ அது அதன் பாடு” என்றார். மேலேயும் கீழேயும் குறிகள் வருவதால் ஒரே உயரத்தில் எழுதினால் மராத்தி சிறியதாகத் தெரிகிறது. விதியில் அதுதான் கூடாது. தகட்டின் உயரத்தை மூன்று அங்குலம் கூட்டவேண்டியதாயிற்று. வெட்டிக் கொண்டுவந்த தகடு வீண், மறுபடி கடைக்கு ஓடினேன். இந்த முறை பிரைமர் அடித்த தகடு, பவாய் ஐயா கவனிக்கவும்.

வேடிக்கை என்னவென்றால் மராத்தியில் நம் ழ கிடையாது, தமிழையே ‘தமிள்’ என்றுதான் எழுதுகிறார்கள். ஆனால் ள உண்டு, ‘கேளீ’யிலும் அதுதான் வருகிறது. கீழே தமிழ் வாழைக்கு ழ, மேலே மராத்தி வாழைக்கு ள. அந்த ள-வை நான் ஒரு வளையம் பெரியதும் ஒன்று சிறியதுமாக வரைந்திருந்தேன். பக்கத்தில் பூக்கடை அம்மாவின் மகள், ஆறாம் வகுப்பு, பார்த்துவிட்டுத் தன் நோட்டைக் கொண்டுவந்து காட்டினாள். இரண்டு வளையமும் ஒரே அளவு. அண்ணாச்சி அவளுக்கு ஒரு சீப்பு வாழைப்பழம் கொடுத்தார்.

பவாய்ப்பரதேசி | 6 நவம்பர் 2023

கவனித்தேன். இப்போது உங்களுக்கு ஓர் ஆசிரியர் இருக்கிறார், ஆறாம் வகுப்பில் இன்னொருவர். ‘யாரிடமும் படித்ததில்லை’ என்பதை இனி எழுதமாட்டீர்கள் என்று நம்புகிறேன்.

கோணல்கோடு | 7 நவம்பர் 2023

எழுதமாட்டேன், ஐயா.

செம்பூர்த்தேனீ | 7 நவம்பர் 2023

தமிழ்ப் பலகை என்ன ஆனது? அதைச் சொல்லாமல் விட்டுவிட்டாயே.

கோணல்கோடு | 20 நவம்பர் 2023

தாமதத்துக்கு மன்னிக்கவும், தீபாவளி. இலை வியாபாரம் உச்சத்தில் இருந்தது, அண்ணாச்சி ஏணியை வைக்கவிடவில்லை.

‘லை’யில் கைவைக்கக்கூடாது என்ற நிபந்தனையோடு ‘ண்’ணை மட்டும் திருத்த அனுமதி கிடைத்தது. நேற்று சுரண்டி, உப்புத்தாள் போட்டு, பிரைமர் அடித்து, மெலிதான கோட்டில் அகலமாக எழுதினேன். எதிர்ப்பக்கம் நின்று பார்த்தேன். மூன்று சுழியும் தெரிகிறது. ஆனால் இப்போது பக்கத்தில் இருக்கும் ‘ம’ தடித்துத் தெரிகிறது. நன்றாக இருந்த ஒரே எழுத்து அதுதான். படம் இணைத்திருக்கிறேன்.

தூரிகைக்கிழவன் | 20 நவம்பர் 2023

தெரியும். அன்றைக்கே தெரியும். சொன்னால் நீ ‘ண்’ணையும் தொட்டிருக்கமாட்டாய். பிப்ரவரியில் ‘ம’வைப் பார்த்துக்கொள்வோம். அதற்குப் பிறகு ‘டி’ குண்டாகத் தெரியும்.

மெழுகுக்கோலம் | 21 நவம்பர் 2023

பொங்கலுக்கு ஐம்பது அட்டை மட்டும் செய்யலாம் என்று இருக்கிறேன். ‘பொங்கலோ பொங்கல்’ என்று போடப்போகிறேன். அதில் யாரும் ஒற்று கேட்கமுடியாது.

செம்பூர்த்தேனீ | 21 நவம்பர் 2023

ஐம்பதில் பத்து எனக்கு, விலைக்கு.

தம்பி, இவ்வளவும் செய்தாயே, கூலி வாங்கினாயா?

கோணல்கோடு | 21 நவம்பர் 2023

மராத்தித் தகட்டுக்கு 2,800 ரூபாய், ரசீதோடு, அக்கா. வீணான முதல் தகடு என் கணக்கில்.

‘ண்’ணுக்கு ஒரு கட்டு இலை.